கடல் கடந்த வார்டு – 11: பக்கத்து நாற்காலி

2023 ஜூன் மாதம், மறுபடியும் வேலைநிறுத்தம் செய்யலாமா என்று இங்கிலாந்திலுள்ள தன் உறுப்பினர்களிடம் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் என்ற செவிலியர் சங்கம் வாக்கெடுப்பு நடத்தியது. ஓட்டுப் போட்டவர்களில் 84 சதவீதம் பேர் செய்யலாம் என்றார்கள். நம் ஊர்த் தேர்தலில் ஒருவர் 84 சதவீதம் வாங்கினால் எதிரில் நின்ற அத்தனை பேருக்கும் டெபாசிட் போயிருக்கும். இங்கே தோற்றது அந்த 84 சதவீதம்தான். ஏனென்றால் மொத்த உறுப்பினர்களில் ஓட்டுப் போட்டவர்கள் 43 சதவீதம். பாதிப் பேராவது போட்டிருந்தால்தான் செல்லும் என்பது 2016-ல் வந்த தொழிற்சங்கச் சட்டத்தின் நிபந்தனை. ஒரு லட்சத்துக்கும் மேலானோர் ‘ஆம்’ என்று சொன்ன போராட்டம், ஒன்றுமே சொல்லாதவர்களால் நின்றுபோனது.

வாக்குச்சாவடி, வரிசை, விரலில் மை எதுவும் இதில் கிடையாது. தபாலில்தான் நடத்த வேண்டும் என்பது அன்றைய சட்டம். உறுப்பினரின் வீட்டுக்கு ஓர் உறை வரும். உள்ளே ஓட்டுச்சீட்டும், தபால்தலை ஒட்டத் தேவையில்லாத பதில் உறையும் இருக்கும். கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுத் தெருமுனையிலுள்ள சிவப்புப் பெட்டியில் போட்டால் வேலை முடிந்தது. இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். பன்னிரண்டரை மணி நேர ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு, கதவு இடுக்கில் பீட்சா விளம்பரத்தோடும் தண்ணீர் பில்லோடும் விழுந்து கிடக்கும் ஓர் உறையாகத்தான் அது தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விஷயத்தில் உறை வாசலுக்கு வருவதே சந்தேகம். வந்த புதிதில் மருத்துவமனை விடுதி, பிறகு நாலு பேர் சேர்ந்து எடுத்த வீடு, கணவனும் குழந்தையும் வந்ததும் வேறொரு தெரு. சங்கத்தின் பதிவேட்டில் மட்டும் அவர் இன்னும் விடுதியிலேயே இருப்பார்.

2025 கோடையில் சம்பள உயர்வு பற்றி இதே சங்கம் கருத்து கேட்டது. அது வேலைநிறுத்தத்துக்கான சட்டபூர்வ வாக்கெடுப்பு இல்லை என்பதால் இணையத்தில் நடத்த முடிந்தது. இங்கிலாந்தில் 56 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அவர்களில் 91 சதவீதம் பேர் அரசு கொடுத்த 3.6 சதவீத உயர்வு போதாது என்றார்கள். இந்த 56-க்கும் முந்தைய 43-க்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்குத் தபால் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு காரணம் என்பதற்கு, முகவரிப் பட்டியலோடு வார்டு வார்டாக அலைந்த யாரைக் கேட்டாலும் சாட்சி சொல்வார்கள். அப்படி அலைகிறவர்களைப் பற்றித்தான் இந்த வாரம். தலைவர்களும் டிவியில் பேசுகிறவர்களும் வேறு. சங்கத்தின் கிளை என்பது இந்த அலைகிறவர்கள்தான்.

சங்கம் என்ற சொல்லுக்கு நான் வளர்ந்த இடத்தில் நல்ல பெயர் இல்லை. தமிழ்நாட்டில் நான் வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில், சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பாண்ட் முடிந்தால்தான் கையில் கிடைக்கும். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் பீரோவுக்குள் இருக்கும்போது சம்பளத்தைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? கேரளத்தில் 2011-ல் யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் தொடங்கி, மருத்துவமனை மருத்துவமனையாக வேலைநிறுத்தம் நடந்தபோது, எங்கள் விடுதியில் மலையாளப் பெண்கள் அதைப் பற்றி இரவில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொகுப்பூதியச் செவிலியர்கள் தரையில் உட்கார்ந்ததைச் செய்தியில் பார்த்தேன். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதி வந்தவர்கள், மாதச் சம்பளம் 7,700 ரூபாய். என்னோடு படித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்காக நான் செய்ததெல்லாம் வாட்ஸ்அப்பில் கைகூப்பும் பொம்மை அனுப்பியதுதான்.

இங்கிலாந்துக்கு விமானம் ஏறும்போது அம்மா சொன்ன கடைசிப் புத்திமதிகளில் ஒன்று: “போன இடத்துல யூனியன் கீனியன்னு சேர்ந்து பேரைக் கெடுத்துக்காதடி.”

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் இண்டக்‌ஷன் வகுப்பு. தீயணைப்பு, கை கழுவுதல், நோயாளியைத் தூக்கும் முறை என்று ஒவ்வொன்றாக முடிந்து தேநீர் இடைவேளைக்கு வெளியே வந்தால், வராந்தாவில் இரண்டு மேஜை. ஒன்றில் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங், இன்னொன்றில் யூனிசன். முன்னது செவிலியருக்கும் செவிலிய உதவியாளருக்குமான சங்கம். பின்னது துப்புரவுப் பணியாளர் முதல் அலுவலக எழுத்தர் வரை எல்லோரையும் சேர்த்துக்கொள்வது. மூன்று சங்கங்கள் இணைந்து 1993-ல் உருவானது. பேனா, துணிப்பை, சாக்லேட் எல்லாம் இலவசம். நிர்வாகமே சங்கத்துக்கு மேஜை போட இடம் கொடுத்திருப்பதைப் பார்த்து எங்கள் குழுவில் வந்த இந்தியப் பெண்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இது ஏதோ பொறி, யார் பேனாவை எடுக்கிறார்கள் என்று மேலே இருந்து குறித்துக்கொள்வார்கள் என்றே ஒருத்தி சொன்னாள். எங்களுக்கு முன்னால் வந்து செட்டிலாகிவிட்ட கோட்டயத்து சேச்சி ஒருவர்தான், “தைரியமா சேரு மோளே. நாளைக்கு மருந்து மாறிப்போச்சுன்னு யாராவது எழுதிப் போட்டா உனக்காகப் பேச ஆள் வேணும்” என்று ராயல் காலேஜ் படிவத்தை நீட்டினார்.

பெரும்பாலோர் சேர்வது இந்தக் காரணத்துக்காகத்தான். செவிலியர் பதிவைக் கையில் வைத்திருக்கும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலில் புகார் போனால் வக்கீல் கிடைக்கும். மாதாமாதம் சம்பளத்தில் சந்தா பிடித்துக்கொள்வார்கள். அதோடு உறவு முடிந்தது. ஐந்து லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் இருக்கிற சங்கத்தில், கிளைக் கூட்டத்துக்கு வருகிறவர்களை ஒரு காரில் அடைத்துவிடலாம் என்ற நிலை அதனால்தான்.

என்னைக் கூட்டத்துக்கு இழுத்துப்போனது கொள்கை எதுவும் இல்லை, தண்ணீர். தொற்று பரவும் என்று காரணம் சொல்லி எங்கள் வார்டில் நர்ஸ் மேஜையில் தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு. ஓய்வறை வார்டின் மறுகோடியில். நீண்ட ஷிஃப்டில் நடுவில் போய்க் குடித்துவிட்டு வர நேரம் கிடைக்காது. சிறுநீர்த் தொற்று வந்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டே நோயாளிகளிடம் “நிறையத் தண்ணி குடிங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். சேச்சியிடம் புலம்பினேன். “இங்கே புலம்பி என்னா? புதன்கிழமை கூட்டத்துல வந்து சொல்லு” என்றார்.

கூட்டம் மருத்துவமனையின் பயிற்சிக் கட்டிடத்தில், மேல்மாடி அறையில். தட்டு நிறைய பிஸ்கட். தலைவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய யார்க்‌ஷயர்க்காரப் பெண்மணி. அவரை எல்லோரும் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான் ‘மேடம்’ என்று ஆரம்பித்து ஒவ்வொரு முறையும் பாதியில் விழுங்கினேன். முதல் வேலை, வந்தவர்களை எண்ணுவது. குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லையென்றால் எதையும் தீர்மானிக்க முடியாது, பேசிவிட்டுக் கலைய வேண்டியதுதான். அன்று ஒரு தலை குறைந்தது. கீழே புகைபிடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் போய்க் கூட்டி வந்தார்கள். அவர் யூனிசன் உறுப்பினர் என்று பிறகு தெரிந்து, திரும்ப அனுப்பினார்கள். கடைசியில் நான் கையெழுத்துப் போட்டதும் எண்ணிக்கை சரியாகிவிட்டது.

பேசப்பட்ட விஷயங்களைக் கேட்டால் உங்களுக்குக் கொட்டாவி வரும். கார் நிறுத்தக் கட்டணம். இரவு ஷிஃப்டில் கேன்டீன் மூடியிருப்பது. ஒரு வார்டில் ரோட்டா, அதாவது ஷிஃப்ட் பட்டியல், போடுகிறவர் ஆறு வார ரோட்டாவைக் கடைசி நிமிஷத்தில்தான் ஒட்டுகிறார் என்ற புகார். என் தண்ணீர் விவகாரம் வந்தபோது தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை யார் எழுத்தில் சொன்னார்கள்?” யாரும் எழுத்தில் சொல்லவில்லை. “அப்படியென்றால் இது உத்தரவே இல்லை, வழக்கம். வழக்கத்தைக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். உங்கள் வார்டுக்குப் பாதுகாப்புப் பிரதிநிதி யார்?” யாருமில்லை. அறை முழுக்க என்னைப் பார்த்தது. இந்த ஊரில் பொறுப்புகள் இப்படித்தான் கைமாறுகின்றன. போட்டி வேட்பாளர் வந்து ஓட்டெடுப்பு நடந்ததை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

கிளையில் மூன்று வகைப் பிரதிநிதிகள் உண்டு. தனிப்பட்ட உறுப்பினரின் பிரச்சினைகளில் கூட நிற்பவர் ஸ்டீவர்டு. பணியிடப் பாதுகாப்பைப் பார்ப்பவர் ஒருவர். படிப்பு, பயிற்சி வாய்ப்புகளுக்காகப் பேசுபவர் இன்னொருவர். மூன்றில் பாதுகாப்புப் பிரதிநிதிக்குத்தான் சட்டத்தில் பல் அதிகம் என்பது என் கட்சி. 1977-ல் வந்த விதிகளின்படி அவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, பணியிடத்தை ஆய்வு செய்யலாம். விபத்து நடந்தால் விசாரிக்கலாம். சம்பந்தப்பட்ட ஆவணங்களைக் கேட்கலாம். இப்படி இரண்டு பிரதிநிதிகள் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் நிர்வாகம் பாதுகாப்புக் குழு அமைத்தே ஆக வேண்டும். யாரும் தெருவில் இறங்க வேண்டாம், குரலைக்கூட உயர்த்த வேண்டாம். ஒரு கடிதம் போதும். நாங்கள் பழகிய மருத்துவமனைகளில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் மேட்ரன் அறைக்குள் போவதற்கே நேரம் பார்க்க வேண்டும். இங்கே கையில் ஒரு பட்டியலோடு அதே மேட்ரனை வார்டைச் சுற்றிக் கூட்டிப்போய், அந்தக் கதவு ஏன் மூடவில்லை, இந்தப் படுக்கையின் பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கலாம். கேட்கும்போது எனக்குக் கை நடுங்கியது என்பதும் உண்மை.

தண்ணீர் விஷயம் எளிதாகத் தீர்ந்தது. செவிலியர்களின் ஓய்வு, தண்ணீர், உணவு இந்த மூன்றையும் பற்றி ராயல் காலேஜ் ஏற்கெனவே ஒரு பிரசாரம் நடத்தியிருந்தது. அந்தத் துண்டறிக்கையைத் தொற்றுத் தடுப்புப் பிரிவுக்கு அனுப்பி, மூடியுள்ள பாட்டிலால் என்ன தொற்று பரவும் என்று எழுத்தில் பதில் கேட்டோம். எழுத்தில் வந்த பதில்: ஆட்சேபணை இல்லை. இத்தனை காலம் தாகத்தோடு நின்றது யார் சொல்லி என்பது கடைசி வரை தெரியவில்லை.

இடைவேளை விவகாரம் அப்படித் தீரவில்லை. இந்த நாட்டுச் சட்டப்படி ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறவருக்கு இருபது நிமிடம் தொடர்ச்சியான ஓய்வு கொடுத்தாக வேண்டும். எங்கள் நீண்ட ஷிஃப்டில் ஒரு மணி நேர இடைவேளை உண்டு, அதற்குச் சம்பளம் இல்லை. இடைவேளைக்குப் போக முடியாமல் போனால் அந்த ஒரு மணி நேரம் இலவச உழைப்பு. இதைப் பற்றி வாயால் எத்தனை முறை சொன்னாலும், “எல்லா வார்டிலும் அப்படித்தான்” என்பதே பதில். அதனால் ஓய்வறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். தேதி, ஷிஃப்ட், இடைவேளை கிடைத்ததா, எத்தனை நிமிடம். பெயர் வேண்டாம். முதலில் எழுதியவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். பிறகு ஆங்கிலேயர்கள். நம் ஆட்கள் கடைசியில்தான் பேனாவைத் தொட்டார்கள், அதுவும் கையெழுத்து தெரியாமல் இருக்க எல்லாவற்றையும் பெரிய எழுத்தில். அந்தத் தாள்களைத் தொகுத்து, நிர்வாகமும் எல்லாச் சங்கங்களும் உட்காரும் கூட்டுக் குழுவில் வைத்தோம். விவாதம் மாதக்கணக்கில் இழுத்தது. இன்று மதிய நேரத்தில் ஒரு கூடுதல் ஆள் எங்கள் வார்டுக்கும் பக்கத்து வார்டுக்கும் பொதுவாக வருகிறார். ஆள் பற்றாக்குறை நாளில் அவரைத்தான் முதலில் வேறிடத்துக்குத் தூக்குகிறார்கள். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, தோல்வி என்றும் சொல்ல முடியவில்லை.

இப்படிக் கணக்கெடுத்துப் புகார் செய்வது வார்டுக்குத் துரோகம் என்று நினைக்கிறவர்கள் உண்டு, அதிலும் நம்மவர்களில் நிறையப் பேர். அவர்களுக்குச் சேச்சி ஒரே ஒரு பதில்தான் வைத்திருந்தார். நோயாளியின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று தெரிந்தால் தாமதமின்றிச் சொல்ல வேண்டும் என்பது நர்சிங் கவுன்சிலின் நடத்தை விதியிலேயே இருக்கிறது. பேசாமல் இருந்ததற்காகவும் பதிவு பறிபோகலாம்.

ஸ்டீவர்டின் வேலை இன்னும் மௌனமானது. ஒருவர்மீது ஒழுங்கு நடவடிக்கை விசாரணை என்றால், ஒரு துணையை அழைத்துவரும் உரிமை அவருக்கு 1999-ம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. மேஜைக்கு ஒரு பக்கம் மேனேஜர், மனிதவளத் துறை ஆள், குறிப்பெடுப்பவர். இன்னொரு பக்கம் இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் உட்காருபவர் என்னென்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. உறுப்பினரின் தரப்பை எடுத்து வைக்கலாம், கடைசியில் தொகுத்துப் பேசலாம், நடுவில் வெளியே போய்க் கலந்து பேச நேரம் கேட்கலாம். ஆனால் உறுப்பினரிடம் கேட்கப்படும் கேள்விக்கு அவருக்குப் பதிலாகப் பதில் சொல்லக் கூடாது. குறித்த நாளில் பிரதிநிதியால் வர முடியாவிட்டால் ஐந்து வேலை நாளுக்குள் வேறு நேரம் கேட்கலாம். பலருக்குத் தெரியாத இந்த ஐந்து நாள்தான் நடைமுறையில் பொன். அந்த இடைவெளியில் ரோட்டாவைத் தேடி எடுக்கலாம், அன்று வார்டில் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்க்கலாம். மருந்து ஒரு மணி நேரம் தாமதமானது என்ற குற்றச்சாட்டு, அந்த ரோட்டாவைப் பக்கத்தில் வைத்ததும் வேறு முகம் காட்டும்.

நம் பெண்கள் விசாரணை அறையில் ஒன்றைச் செய்கிறார்கள். எதைக் கேட்டாலும் முதலில் “சாரி” என்கிறார்கள். எதிரில் இருப்பவர் பெரியவர், அவர் வருத்தப்படுகிறார், அதற்காக நாம் வருத்தம் தெரிவிக்கிறோம்; நம் வளர்ப்பு அப்படி. குறிப்பெடுப்பவர் அதை ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக்கொள்கிறார். அறைக்குள் போவதற்கு முன் வராந்தாவில் நின்று நான் சொல்வது இதைத்தான்: “தப்பு பண்ணியிருந்தா தப்புன்னு சொல்லு. பண்ணலைன்னா சாரி சொல்லாதே. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. கேள்வி புரியலைன்னா மறுபடி கேட்கச் சொல்லு, அது உன் உரிமை.”

ஒழுங்கு நடவடிக்கைகளில் வெள்ளையர் அல்லாத ஊழியர்கள் அதிக விகிதத்தில் மாட்டுகிறார்கள் என்பதை இங்குள்ள அரசு சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். தானே 2015 முதல் இனச் சமத்துவக் கணக்கெடுப்பில் வெளியிட்டு வருகிறது. அந்தப் புள்ளிவிவரங்களுக்குப் பின்னால் முகங்கள் உண்டு. மலேசியாவிலிருந்து வந்து லண்டனில் பணியாற்றிய அமின் அப்துல்லா என்ற செவிலியர் 2015 டிசம்பரில் வேலைநீக்கம் செய்யப்பட்டார். மேல்முறையீடு முடியுமுன் 2016 பிப்ரவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் நியாயமாக நடத்தப்படவில்லை என்று 2018-ல் சுயேச்சை விசாரணை அறிக்கை சொன்னது. மருத்துவமனை மன்னிப்புக் கேட்டது. 2019-ல் எல்லா மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் ஒழுங்கு நடவடிக்கைகளை எப்படி நடத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் போனது. விசாரணையில் இருப்பவரின் மனநலத்தையும் கவனிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்தக் கடிதத்தின் நகல் எங்கள் ஸ்டீவர்டுகளின் கோப்பில் எப்போதும் இருக்கும்.

விசாவில் இருப்பவருக்குப் பயம் இரட்டிப்பு. வேலை போனால், இன்னொரு நிறுவனம் ஸ்பான்சர் செய்ய முன்வருவதற்குப் பொதுவாக அறுபது நாள்தான் அவகாசம். குழந்தையின் பள்ளி, வீட்டுக் கடன், ஊரில் தங்கையின் கல்யாணம் எல்லாம் அந்த அறுபது நாளில் தொங்கும். அதனால் வேலைநிறுத்தம் என்றதும் வெளிநாட்டுச் செவிலியர்கள் கேட்கும் முதல் கேள்வி, விசா போய்விடுமா என்பதுதான். 2022-ல் வேலைநிறுத்த வாக்கெடுப்பு நடந்தபோது எங்கள் கிளையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதுபோல வேறெதற்கும் சொல்லியிருக்க மாட்டோம். சம்பளமில்லாமல் நான்கு வாரத்துக்கு மேல் வேலைக்கு வராவிட்டால் விசாவுக்குச் சிக்கல் வரலாம், ஆனால் சட்டப்படி நடக்கும் வேலைநிறுத்தத்துக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. இதைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பக்கத் தாளாக அச்சிட்டு ஓய்வறைகளில் வைத்தோம். அந்தத் தாள் காணாமல் போன வேகத்தைப் பார்த்துத்தான், எத்தனை பேர் இதை யாரிடமும் கேட்காமல் மனசுக்குள் வைத்திருந்தார்கள் என்று புரிந்தது.

அந்த 2022 வாக்கெடுப்பு சங்கத்தின் 106 வருட வரலாற்றில் நாடு தழுவிய முதல் வேலைநிறுத்த வாக்கெடுப்பு. அப்போது ஒவ்வொரு மருத்துவமனை நிர்வாகத்தையும் தனித்தனியாக எண்ணினார்கள். இங்கிலாந்தில் பல இடங்கள் பாதியைத் தொடவில்லை. ஆகவே டிசம்பர் 15-ம் தேதி ஒரு ஊரில் செவிலியர்கள் வாசலில் நிற்க, பக்கத்து ஊரில் வழக்கம்போல மருந்து வண்டி உருண்டது. எங்கள் மருத்துவமனை தேறிய பக்கம். ஐ.சி.யூ., டயாலிசிஸ், கீமோதெரபி, குழந்தைகள் தீவிர சிகிச்சை போன்றவற்றுக்கு விலக்கு. மற்ற வார்டுகளில் எந்த நேரத்தில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று நிர்வாகத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஷிஃப்டாகப் பேசிய வேலை முழுக்கக் கிளையுடையது. ஒரு வார்டில் நாங்கள் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை, அந்த வார்டின் சாதாரண நாள் எண்ணிக்கையைவிட அதிகம். வேலைநிறுத்த நாளில்தான் அந்த வார்டில் ஆள் சரியாக இருந்தது. இதைச் சொன்னபோது மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை.

மறியலுக்கும் விதிமுறை. நுழைவாயில் ஒன்றுக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம் என்கிறது அரசின் நெறிமுறை. அன்றைய சட்டப்படி ஒரு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும், அவர் பெயரைக் காவல்துறைக்குக் கொடுத்திருக்க வேண்டும், பார்த்ததும் தெரியும்படி கைப்பட்டையோ பேட்ஜோ அணிய வேண்டும். உறைபனியில் எங்கள் மேற்பார்வையாளராக நின்றது அந்த யார்க்‌ஷயர்க்காரத் தலைவர்தான். பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்துப்போனார்கள். வயதான ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகி வரும் வழியில் எங்களுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தார். அன்றைய சம்பளம் போனது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது புதிதாகச் சேரும் நர்சின் வருடச் சம்பளம் 27,055 பவுண்டு.

இத்தனை விதிகளை மதிக்கும் இந்தச் சங்கம், ஒரு காலத்தில் வேலைநிறுத்தமே செய்ய மாட்டோம் என்று தன் விதியிலேயே எழுதி வைத்திருந்தது. 1916-ல் 34 உறுப்பினர்களோடு தொழில்முறைக் கழகமாகத் தொடங்கியது. ஆண்களை 1960-ல்தான் சேர்த்துக்கொண்டது. தொழிற்சங்கமாகப் பதிவானதே எழுபதுகளில். வேலைநிறுத்தத் தடையை 1995-ல் நீக்கினார்கள். ஆனாலும் முதல் வேலைநிறுத்தம் 2019 டிசம்பர் 18-ம் தேதிதான் நடந்தது, வட அயர்லாந்தில். சம்பளம் பிரிட்டனின் மற்ற பகுதிகளைவிடக் குறைவு, வார்டுகளில் ஆள் இல்லை, முடிவெடுக்க வேண்டிய மாகாண அரசோ மூன்று வருடமாகக் கலைந்து கிடந்தது. அதை அங்கே முன்னின்று நடத்திய பேட் கல்லன்தான் பிறகு பொதுச் செயலாளராகி 2022 போராட்டத்தையும் நடத்தினார். பிறகு 2024-ல் சின் ஃபைன் கட்சி சார்பில் எம்.பி. ஆனார்.

அதே 2024 அக்டோபரில் நடந்த சங்கத்தின் தலைவர் தேர்தலில் ஜெயித்தவர் பிஜோய் செபாஸ்டியன். கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் நர்சிங் படித்து, 2011-ல் இங்கே வந்து, லண்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர். முடிவு வந்த அன்று சேச்சி வார்டுக்கு அல்வா கொண்டுவந்தார். எங்கள் கிளையில் அதற்குப் பிறகு மலையாள முகங்கள் கூடின. தமிழ் முகங்கள் அவ்வளவாக இல்லை. நாம் எண்ணிக்கையில் குறைவு என்பது ஒரு காரணம், அது மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை.

சங்கத்தின்மீது எனக்குக் குறையும் உண்டு. பிரதிநிதி வேலைக்குச் சம்பளத்தோடு நேரம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வார்டில் ஆள் இல்லாத நாளில் அந்த நேரத்தை எடுத்தால் என் நோயாளிகளை இன்னொருத்தி சுமக்க வேண்டும். அதனால் பாதி வேலை விடுமுறை நாளில், சமையலறை மேஜையில் நடக்கிறது. ஸ்டீவர்டுகள் குறைவு, பிரச்சினைகள் அதிகம். உதவிக்குப் போன் செய்த உறுப்பினர்கள் நாள்கணக்கில் காத்திருந்த கோபத்தை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அவர்களிடம், நீங்களே ஒரு ஸ்டீவர்டு ஆகலாமே என்று சொன்னால் இன்னும் கோபம் வரும்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வேலைக்கான உத்தரவு வந்துவிட்டது, விமானம் ஏறப்போகிறார், சங்கத்தில் எப்போது சேருவது, கொஞ்ச நாள் பார்த்துவிட்டுச் சேரலாமா என்று கேட்கிறார். பார்க்க வேண்டாம் தங்கச்சி. சேருவதற்கு முன்பே தொடங்கிவிட்ட பிரச்சினையைச் சங்கம் பொதுவாக எடுத்துக்கொள்ளாது. விசாரணைக் கடிதம் கையில் வந்த பிறகு ஓடி வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் எங்கள் வேலையிலேயே கொடுமையானது. இண்டக்‌ஷன் மேஜையில் பேனா கொடுத்தால் அப்போதே எழுதிவிடுங்கள். அதற்கும் முன்னால் இன்னொன்று. உங்களுக்கு அனுப்பியிருக்கும் ஒப்பந்தத்தில், பாதியில் வேலையை விட்டால் நீங்கள் திருப்பித் தர வேண்டிய பணம் என்று ஒரு பத்தி இருக்கும். எவ்வளவு, எந்தெந்தச் செலவுக்கு, எத்தனை மாதத்தில் அது குறையும் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பத்தியால் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)